இருபதா, நாற்பதா?

பழைய எஞ்சினுக்குப் பிஸ்டன் வாங்கும்போது, அடுத்த முறை அதைப் பிரிக்கப்போகிறவரையும் மனத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டு ஃபோர்டு 3000 டிராக்டர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது.

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஃபோர்டுடன் கைகோத்து 1971 முதல் ஃபரிதாபாதில் தயாரித்த வண்டி அது. மூன்று சிலிண்டர் டீசல். அப்பா காலத்திலிருந்து ஆதிச்சநல்லூர் வயல்களில் தொழி உழுதது. பிரீதர் வழியே புகை தள்ளி, ஆயிலும் குறைய ஆரம்பித்ததும் எஞ்சினைப் பிரித்தோம். பிசான நடவு நெருங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் அண்ணாச்சி பழைய பிஸ்டனின் தலையில் படிந்த கரியை டீசல் துணியால் தேய்த்தார். ஸ்டாண்டர்டு அளவின் முத்திரை தெரிந்தது. பிளாக்கில் இதுவரை யாரும் போரிங் செய்யவில்லை என்று அப்போதுதான் உறுதியானது. இந்த எஞ்சினில் தனி லைனர் கிடையாது. பிளாக்கின் வார்ப்பிரும்பிலேயே 4.2 அங்குலத்துக்குக் கடைந்த துளைதான் சிலிண்டர். தேய்ந்தால் அதையே அகலப்படுத்தி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும்.

லேத்துக்காரர் போர் கேஜை மேலே, நடுவே, கீழே என்று இரண்டு திசைகளிலும் வைத்து அளந்தார். மேல் ரிங் திரும்பும் இடத்தில் தேய்மானம் 11 தௌ, அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 11 பங்கு. அடியில் தேய்மானமே இல்லை என்று சொல்லலாம். சூடும் அழுத்தமும் மிகுந்து, ஆயில் குறைவாக எட்டும் இடம் மேல்பகுதிதான். ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்று சிலர் சொன்னார்கள். மேலே அகன்று கீழே குறுகிய துளையில் புது ரிங் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் விரிந்து சுருங்கும், சரியாகப் படியாது. எனவே போரிங் செய்வதென்று முடிவாயிற்று.

கடையில் 40 தௌ ஓவர்சைஸ் பிஸ்டன் செட் கையிருப்பில் இருந்தது. 20 தௌ வர நாளாகும் என்றார்கள். நடவை நினைத்து, இருப்பதையே வாங்கிவிட மனம் துடித்தது.

“தம்பி, கடைஞ்ச இரும்பு திரும்ப வராது. இருபதுலயே சுத்தமாகும்னா நாப்பதுக்கு எதுக்குப் போவணும்?” என்றார் அண்ணாச்சி.

எங்கள் ஊரின் பழைய புதைமேடான பரம்பை நினைத்துக்கொண்டேன். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அங்கே தோண்டினார். அவர் தொடாமல் விட்ட மண்ணில் 2004-ல் தொல்லியல் துறை இறங்கியபோது 160-க்கு மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. மிச்சம் இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களுக்கு வேலை இருந்தது. சிலிண்டர் சுவரும் அப்படித்தான். வாடகை டிராக்டரை வைத்து நடவை முடித்துக்கொண்டு, 20 தௌவுக்குக் காத்திருந்தோம்.

செட் வந்ததும் அண்ணாச்சி அதை உடனே லேத்துக்கு அனுப்பவில்லை. “போரை அளக்காம பிஸ்டன் வாங்கப்பிடாது, பிஸ்டனை அளக்காம போர் அடிக்கப்பிடாது” என்றார். மூன்று பிஸ்டன்களையும் தராசில் வைத்து எடை பார்த்தார். தலையிலுள்ள குழியின் வடிவம், பிஸ்டன் பின் துளையிலிருந்து தலைவரை உள்ள உயரம் இரண்டையும் பழைய பிஸ்டனோடு ஒப்பிட்டார். டீசல் எஞ்சினில் பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. உயரம் கூடினால் இடிக்கும், குறைந்தால் அழுத்தம் போதாமல் ஸ்டார்ட் ஆகத் திணறும். பிறகு பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கே பாவாடைப் பகுதியை மைக்ரோமீட்டரால் அளந்தார். அந்த அளவோடு தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியைச் சேர்த்துத்தான் போரிங், ஹோனிங் இரண்டும் நடந்தன. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். இறுக்கமாக விட்டால் சூட்டில் பிடித்துக்கொள்ளும், தளர்த்தினால் குளிர்ந்த எஞ்சின் தட்டும்.

வண்டி இன்று புகையில்லாமல் உழுகிறது. பிஸ்டன் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கடையில் எது இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் சிலிண்டரை அளந்துவிடுங்கள். தேய்மானம் நீங்கப் போதுமான மிகச் சிறிய ஓவர்சைஸைக் கேட்டு வாங்குங்கள். வருவதற்கு நாளானாலும் காத்திருங்கள். எங்கள் பிளாக்கில் இன்னும் ஒரு போரிங்குக்கு இரும்பு இருக்கிறது; அது என் பிள்ளைகளுக்கு உதவும்.