வாட்ச் அடிச்சா நான் என்னல செய்யணும்?

எங்க பெரியப்பா தூத்துக்குடியில சங்கு குளிக்கிறவர். படகில் ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து ஒரு நீளக் குழாய், அதன் முனை வாயில். கடலுக்கடியில் மூச்சு அவ்வளவுதான். பல வருஷமா அவருக்கு வலது தோளில் வலி. வீட்டில் எல்லாரும் வாதம்னு சொல்வாங்க. நானும் அதையே நம்பினேன், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காகப் படிக்க உட்காரும் வரை.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு அட்மாஸ்பியர் அழுத்தம் கூடுது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும். ப்ளஸ் டூவில் மார்க்குக்காகப் படிச்ச ஹென்றி விதிதான். வேகமா மேலே வந்தா, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது குமிழியாகும். மூட்டு வலிக்கும், மோசமானால் கை கால் விளங்காமல் போகும். பெரியப்பா தோளுக்கும் இதுதான் காரணமான்னு டாக்டர்தான் சொல்லணும். ஆனா அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல.

எங்க டீம் முதலில் செய்தது ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர். ரிவ்யூவில் கைடு கேட்டார்: "இது ஆக்ஸிஜனைத்தானே அளக்குது? பிரச்சினை நைட்ரஜன்லப்பா." உண்மைதான். டைவ் கம்ப்யூட்டர்கூட உடம்பில் இருக்கும் நைட்ரஜனை அளப்பதில்லை. ஆழத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்குத்தான் போடுது. குமிழியைக் கண்டுபிடிக்க டாப்ளர் அல்ட்ராசவுண்ட் மாதிரி கருவி வேணும்.

அதனால் அழுத்த சென்சாருக்கு மாறினோம். நிமிஷத்துக்கு 9 மீட்டரைத் தாண்டி ஏறினால் மணிக்கட்டில் அதிரும். பொங்கல் லீவில் பெருமையா கொண்டுபோய்க் காட்டினேன். பெரியப்பா கையில் கட்டிப் பார்த்தார்.

"மேல கம்ப்ரசர் நின்னுபோச்சுன்னா மூச்சுக்கு ஓடித்தான் வரணும். அப்ப இது அடிச்சா நான் என்னல செய்யணும்?"

என்கிட்ட பதில் இல்லை.

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் டிசைனை மாத்தினோம். இப்போ இன்னொரு சென்சார் கம்ப்ரசர் டேங்கில் இருக்கு. காத்து குறைய ஆரம்பிச்சதுமே, டேங்கில் மிச்சம் இருக்கும்போதே, மேலேயும் கீழேயும் அலாரம் அடிக்கும். நிதானமா ஏறக் கொஞ்ச நேரம் கிடைக்கும். ப்ளூடூத் கடல் தண்ணீரைத் தாண்டாது. அதனால் குழாயோடு சேர்த்து ஒரு ஒயரைக் கட்டினோம். படகில் குழாய் பிடிக்கிறவருக்கு ஆழமும் நேரமும் தெரியும்.

கல்லூரித் தண்ணீர்த் தொட்டியில் வேலை செய்யுது. கடலில் இன்னும் இறக்கல. தோளை டாக்டரிடம் காட்ட பெரியப்பா சம்மதிச்சிருக்கார். ரிப்போர்ட்டில் ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட்டை மறுபடி எழுதினோம். முதல் வரி, அவர் கேட்ட அந்தக் கேள்வி.