கண் முதலில் திறக்கும் சித்திரம்

தஞ்சாவூர்ச் சித்திரம் என்றவுடன் பலா மரப் பலகையும், அதன்மேல் ஒட்டிய துணியும், சுக்கான் பொடியும் கோந்தும் கலந்து மேடு எழுப்பி அதன்மேல் பதித்த தங்க ரேக்கும்தான் பெரும்பாலான ஜனங்களுக்கு நினைவு வருகின்றன. அதே ஊரில் அதே கைகள் எழுதி வந்த கண்ணாடிச் சித்திரத்தை நினைப்பவர் சிலரே. அந்தச் சம்பிரதாயத்தைக் கைவிடாமலே அதனோடு விளையாடிப் பார்க்கும் சித்திரக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று நண்பர் ஒருவர் சொன்னதன்பேரில், மாசி மாதத்துக் காலைப்பொழுதில், மேலவீதிப் பக்கத்துச் சந்து ஒன்றுக்குள் அவரைத் தேடிக்கொண்டு போனேன்.

முன்கட்டில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை, பின்கட்டில் பட்டறை. சுவரோரமாகப் பழைய பேருந்தின் ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கதவுகளிலிருந்து கழற்றியவை, சுவர்க்கடிகாரத்தின் வட்டக் கண்ணாடி, லாந்தர் விளக்கின் சிம்னிகள் எல்லாம் சாய்ந்தும் படுத்தும் கிடந்தன. யாவும் பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கியவை. "புதுக் கண்ணாடி மொழுக்குன்னு இருக்குதுங்கய்யா. பழசுல ஒரு அலை ஓடும், குமிழி இருக்கும். அதைப் பார்த்தாலே என்ன போடறதுன்னு தெரிஞ்சிடும்" என்றார். அவர் எடுத்துக் காட்டிய அலமாரிக் கண்ணாடியில், தயாரிப்பின்போதே உள்ளே அகப்பட்டுக்கொண்ட காற்றுக் குமிழிகள் மேல்நோக்கி வரிசையாக நின்றன. அவற்றின் கீழே ஒரு கெண்டை மீனை எழுதி, குமிழிகளை அதன் மூச்சாக்கியிருந்தார். கண்ணாடி செய்தவன் விட்ட பிழைக்கு இப்படி ஓர் உத்தியோகம் கொடுப்பது சாமர்த்தியம்தான்.

ஆனால் இந்த விளையாட்டுக்கு அடியில் இருக்கும் கண்டிப்பை அருகில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கண்ணாடியின் பின்புறத்தில் எழுதி முன்புறத்தில் பார்ப்பது இக்கலையின் லட்சணம் ஆகையால், மற்றச் சித்திரங்களில் கடைசியில் வருவதெல்லாம் இதில் முதலில் வந்துவிடுகிறது. சிற்பிக்கும் பலகைச் சித்திரக்காரனுக்கும் தெய்வத்தின் கண்ணைத் திறப்பது, வேலை யாவும் முடிந்தபின் செய்யும் சடங்கு. இவரோ கண்ணில்தான் தொடங்குகிறார். கருவிழிக்கு நடுவே ஒளித்துளியாக ஒரு வெள்ளைப் புள்ளி, அது காய்ந்தபின் அதன்மேல் கறுப்பு, பிறகு வெண்விழி, அதற்கும் பின்னால்தான் முகத்தின் நிறம். அப்படியே திலகமும் மூக்குத்தியும் முத்துவடமும் முன்கூட்டி வந்து காத்திருக்க, அவற்றை அணியவேண்டிய உடம்பு சாவகாசமாக வந்து சேருகிறது. மேனி வர்ணம் பூசியானபின் கண்ணில் குறை தெரிந்தால் திருத்த வழியில்லை. அவ்விடத்தைச் சுரண்டித் துடைத்துவிட்டு ஆதியிலிருந்து தொடங்கவேண்டியதுதான். இடமும் வலமும் மாறிவிடும் என்பது மற்றொரு தொல்லை. தில்லை நடராஜரின் தூக்கிய இடது திருவடியை எழுதும்போது கவனம் தப்பினால் அவர் வலக்காலைத் தூக்கி மதுரை வெள்ளியம்பலத்துக்குக் குடிபோய்விடுவார்!

அன்று அவர் கையில் இருந்தது ஒரு லாந்தர் சிம்னி. அதன் உட்புறத்தில் எழுதவேண்டியிருப்பதால் தூரிகையை ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் சாய்வாகக் கட்டியிருந்தார். சிம்னியை இடது கையால் மெல்ல உருட்ட, வலது கை அசையாமல் நிற்க, எனாமல் வர்ணம் கோடாக ஓடிற்று. சித்திரம் ஒரு கூண்டு வண்டி. வண்டியின் பின்புறத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் சிறுவன் வைக்கோல் பிடியை நீட்டுகிறான். கண்ணாடி வட்டமாக இருப்பதால் அதே வண்டியின் மாடுகள் சுற்றி வந்து அவன் கையிலிருந்து தின்கின்றன. எங்கே தொடங்கினாலும் முடிவில்லாத இந்தப் பிரயாணத்தைத் தட்டைப் பலகையில் எழுத முடியாது. வண்டிக் கூண்டின் பின்னால் பழைய புடவைக் கரையின் துண்டு ஒன்று. சக்கரத்தின் பின்னால் மிட்டாய் சுற்றிய ஜிகினாத் தாள். அந்தத் தாளை வெட்டிக் கொடுப்பவர் அவருடைய தமக்கை. தாளைக் கசக்கிப் பிறகு நகத்தால் பாதி நீவி, வர்ணம் பூசாமல் விட்ட இடத்தின் பின்னால் ஒட்டுகிறார். "முழுசா நீவிட்டா தகரம் மாதிரி செத்துக் கிடக்கும் தம்பி, சுருக்கம் இருந்தாத்தான் மினுக்கும்" என்றார் அந்த அம்மாள்.

ஐரோப்பாவிலிருந்து சீனம் சென்ற இந்த வித்தை, பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பல் வியாபாரத்தோடு நம் கரைக்கு வந்தது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி போன்ற மராட்டிய மன்னர்களின் ஆதரவில் கலைகள் செழித்திருந்த தஞ்சையில் அது வேரூன்றியது வியப்பன்று. செட்டிநாட்டு மாளிகைகளிலும் எளிய குடும்பங்களின் பூஜை அறைகளிலும் அது இடம் பெற்றது. 1894-இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகமும், அதன் வழியில் வந்த காலண்டர்ப் படங்களும் மலிவு விலையில் தெய்வங்களை வீடுதோறும் கொண்டுவந்தபின், கையால் எழுதும் கண்ணாடிப் படத்தின் சந்தை சுருங்கிற்று.

இன்றும் இவர் குடும்பத்துக்குச் சோறு போடுவது கல்யாணப் பரிசாகப் போகும் வெண்ணெய்க் கிருஷ்ணன்தான். சிம்னியும் கடிகாரமும் ஆர்டர் இல்லாத நாட்களின் வேலை. அவருடைய பரிசோதனைகள் யாவும் பலித்தன என்று சொல்லமாட்டேன். வளையும் பிளாஸ்டிக் தகட்டில் எழுதியவை வர்ணம் உரிந்து கிடந்தன. பேருந்து ஜன்னலில் பிரயாணிகளின் சட்டைகளுக்கு வெல்வெட்டும் சமிக்கியும் பயணச்சீட்டும் ஒட்டியதில் நெரிசல் சற்று அதிகமாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். அவரிடமே சொன்னேன். "டவுன் பஸ் அப்படித்தானுங்களே இருக்கும்" என்று சிரித்தார்.

புறப்படும்போது அவர் சொல்லி அனுப்பிய ஒரு விஷயத்தை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாட்டன் காலத்துக் கண்ணாடிப் படம் உங்கள் வீட்டில் இருந்தால், தூசி தட்டும் உற்சாகத்தில் பின்பலகையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். வர்ணம் இருப்பது அந்தப் பக்கத்தில்தான். முன்புறத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள். எங்கேனும் வர்ணம் உதிர்ந்திருந்தால் சட்டத்தைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய், வேலை தெரிந்தவர் கையில் கொடுங்கள்.