பாலுக்கு அவள் சொன்ன பெயர்

ராஜபாளையத்து மில்களுக்குச் சமீபத்தில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் சிநேகிதியைப் பார்ப்பதற்காக, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிச் சென்று, அவருடைய வகுப்பு முடியும்வரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில் நிகழ்ந்த சிறு சம்பவம் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. படப் புத்தகத்தில் ஒரு டம்ளர் பாலைக் காட்டி, "இது என்ன கண்ணு?" என்று அவர் கேட்க, ஒடிஸாவிலிருந்து வந்து மூன்று வாரமே ஆகியிருந்த ஒரு பெண் குழந்தை, வகுப்பில் முதன்முதலாக வாய் திறந்து, "கீர" என்றாள். கீரை என்று சொல்லிவிட்டாள் என்று எண்ணிப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பாவாடை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அப்புறம் பேசவேயில்லை.

பள்ளி விடும் நேரத்தில், தலைமுடியில் பஞ்சுத் தும்பு ஒட்டியபடியே மில்லிலிருந்து வந்த அவளுடைய தகப்பனார், தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், தங்கள் பாஷையில் பாலுக்குப் பெயரே அதுதான் என்றார். எனக்குத் திடுக்கிட்டது. க்ஷீரம்! க்ஷீராப்தி என்றும் க்ஷீரான்னம் என்றும் கோயிலில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல் அல்லவா அது? குழந்தை சரியான விடையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

வந்தவர்களை அறியாத ஊரா ராஜபாளையம்? சில நூற்றாண்டுகளுக்கு முன் தெலுங்கு தேசத்திலிருந்து தெற்கே வந்த ராஜுக்கள், வீட்டில் தெலுங்கையும் வெளியில் தமிழையும் பேசிக்கொண்டே இந்த ஊரை ஊராக்கினார்கள். அவர்களில் ஒருவரான பி. எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை ராஜதானியின் முதலமைச்சராக விளங்கி, பின்னர் 1954-இல் ஒடிஸாவுக்கே கவர்னராகச் சென்றார். அந்த ஒடிஸாவின் குழந்தைகள் இன்று அவருடைய ஊர்ப் பள்ளியில் வாய் மூடி உட்கார்ந்திருக்கலாமா?

அந்தக் குழந்தையை, இந்தப் பள்ளிக்கு வருமுன் வேறொரு பள்ளியில், பழைய ஊரின் மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்களாம். ஒவ்வொரு முறையும் அந்தத் தகப்பனாருக்கு அரை நாள் கூலி போயிற்று. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிக் குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாதென்று 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. சட்டம் இருந்தும் ஏழைத் தொழிலாளி அலைய நேர்ந்ததை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

தாயின் கஷ்டம் வேறு விதம். வாசல் வேப்பமரத்தடியில் நிற்கிறாளே தவிர, உள்ளே வருவதில்லை. தமிழில் எழுதி அனுப்பும் கடிதங்கள் அவளுக்கு வெறும் கோடுகள். பெற்றோர் கூட்டமோ அவள் வேலையில் இருக்கும் நேரத்தில் நடக்கிறது. ஷிப்டு முடிந்தபின் கூட்டத்தை வைத்து, அவளுடைய பாஷை தெரிந்த ஒருவரை அருகில் அமர்த்தி, பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்படிப்பட்ட தாய் ஒருத்திக்கு இடமும் கொடுத்தால், அவள் வேப்பமரத்தைத் தாண்டி வருவாள் என்பது என் திடமான நம்பிக்கை. எர்ணாகுளம் ஜில்லாவில் 2017-இல் தொடங்கிய ரோஷ்னி திட்டத்தில், வெளிமாநிலக் குழந்தைகளின் பாஷையை அறிந்தவர்களையே துணையாக வைத்துக்கொண்டு மலையாளம் கற்பித்தார்கள். நம்மாலும் ஆகாத காரியமல்ல. இந்த மண்ணில் வளரும் குழந்தைக்குத் தமிழ் அவசியம் வேண்டும். ஆனால் தன் வீட்டுச் சொல்லுக்காக வெட்கப்பட்ட குழந்தையின் நாவில் தமிழ் எப்படி ஏறும்?

மறுநாள் என் சிநேகிதி அதே படத்தை எடுத்து, "பால்" என்றும் "கீர" என்றும் வகுப்பு முழுவதையும் சொல்ல வைத்தாராம். இரண்டு நாள் கழித்து அந்தக் குழந்தை, யாரும் கேட்காமலே, தண்ணீர்ப் பானையைக் காட்டி "பாணி" என்று சொல்லிவிட்டு, உடனே "தண்ணி" என்றும் சொன்னாளாம். மில் பக்கத்துப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்களே, வருகிற ஜூன் மாதம் புதிய குழந்தை ஒன்று உங்கள் வகுப்புக்கு வந்தால், பாலுக்கு அதன் வீட்டில் என்ன பெயர் என்று முதலில் கேளுங்கள்.