பத்தாயிரம் பேருக்கு ஒரு டே புக்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். ரிசல்ட் வரும் நாளன்று வெப்சைட் ஏன் படுத்துவிடுகிறது என்பது எல்லோருக்கும் பொதுவான கேள்விதானே! காரணங்கள் பல உண்டு. அதில் ஒன்றை லினக்ஸ்காரர்கள் 2002-லேயே ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள். அந்தக் கதைதான் இது.

ஒரு சர்வரோடு ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பேர் இணைந்திருப்பார்கள். பெரும்பாலான இணைப்புகள் சும்மா கிடக்கும். இப்போது யாரிடமிருந்து தகவல் வந்திருக்கிறது என்று சர்வர் புரோகிராமுக்குத் தெரிய வேண்டும். 1983-ல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் இதற்குக் கொடுத்த வழி செலெக்ட். புரோகிராம் ஒரு பட்டியலை கெர்னலிடம் நீட்டும். கெர்னல் ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்த்து, தயாராக இருப்பவற்றைக் குறித்துத் திருப்பிக் கொடுக்கும். கொடுத்த கையோடு மறந்தும் விடும். அடுத்த முறை மறுபடி முழுப் பட்டியல்! புரோகிராமும் தன் பங்குக்கு, எங்கே டிக் விழுந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

இன்று பணம் போட்டவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள, பேங்கில் எல்லா லெட்ஜரையும் தினமும் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவது மாதிரி இது. டே புக் என்று ஒன்று எழுதினால் போதாதா?

இருபது இணைப்பு இருந்த காலத்தில் யாருக்கும் வலிக்கவில்லை. லினக்ஸில் செலெக்டுக்கு வழக்கமான உச்சவரம்பே 1024 தான். அப்புறம் வந்த போல் (தமிழ் 'போல்' இல்லை!) அந்த வரம்பை எடுத்தது, புரட்டும் வேலையை எடுக்கவில்லை. 1999-ல் டான் கெகல், ஒரே மெஷினால் பத்தாயிரம் பேரைக் கவனிக்க முடியாதா என்று கேட்டு, அதற்கு சி10கே என்று பெயரும் வைத்தார். ஹார்டுவேர் போதும், தடுப்பது சாஃப்ட்வேர்தான் என்பது அவர் கட்சி.

2000-ல் ஃப்ரீபிஎஸ்டி கேக்யூவைக் கொண்டுவந்தது. லினக்ஸுக்காக டேவிடே லிபென்சி எழுதிய ஈபோல் 2002-ல் 2.5 வரிசை கெர்னலில் சேர்ந்தது. இதில் கவனிக்க வேண்டிய இணைப்புகளின் பட்டியலை கெர்னலே வைத்துக்கொள்கிறது. இப்போது அது ரெட்-பிளாக் ட்ரீ வடிவில் இருப்பதால் சேர்ப்பதும் நீக்குவதும் சீக்கிரம். தகவல் வந்ததும் ஒரு கால்பேக் ஓடி, அந்த இணைப்பை 'தயார்' வரிசையின் கடைசியில் சேர்த்துவிடும். புரோகிராம் வந்து கேட்டால் அந்த வரிசையை மட்டும் பார்த்தால் போதும். பத்தாயிரத்தில் மூன்று பேர் பேசினால் மூன்று பேருக்கான வேலைதான். அந்த டே புக் இதுதான்!

ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்வதற்கும் ஒரு செலவு உண்டு. புரோகிராம் கையில் இருக்கும் எண் வேறு, கெர்னல் உள்ளே வைத்திருக்கும் திறந்த ஃபைல் வேறு. ஈபோலின் பதிவு உயிரோடிருப்பது அந்த உள்ளே இருக்கும் ஃபைலைப் பொறுத்தது. அதே ஃபைலுக்கு இன்னொரு நகல் எண் இருந்தால், பதிவு செய்த எண்ணை மூடிய பிறகும் அதன் பெயரில் செய்தி வந்துகொண்டே இருக்கும். மூடிய எண்ணைச் சொல்லி அதை நீக்கவும் முடியாது. கணக்கை முடித்தவர் பாஸ்புக்கில் என்ட்ரி விழுகிற கதை! மறதிக்கார செலெக்டுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. வேகத்தை மட்டும் பார்த்து ஈபோலைக் கொண்டாடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

செலெக்டும் ஒழிந்துவிடவில்லை. பழைய புரோகிராம்களை உடைக்கக்கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் ரொம்பக் கறார். அதனால் லினக்ஸில் புது வீடு கட்டினாலும் பழைய வீட்டை இடிக்க முடியாது. 2019-ல் 5.1 கெர்னலில் ஜென்ஸ் ஆக்ஸ்போவின் ஐஓ யூரிங் வந்தது. புரோகிராமும் கெர்னலும் பங்குபோடும் மெமரியில் இரண்டு வட்ட வரிசைகள். ஒன்றில் வேலையைப் போடலாம், மற்றதில் முடிந்ததை எடுக்கலாம். வேகம் அபாரம். ஆனால் அதில் பாதுகாப்பு ஓட்டைகள் வரிசையாகக் கிளம்பியதால், 2023-ல் கூகுள் அதைக் குரோம்ஓஎஸில் முடக்கி வைத்ததாக அறிவித்தது. செலெக்ட், போல், ஈபோல், ஐஓ யூரிங் நான்கும் இன்று ஒரே கெர்னலுக்குள்தான் கூட்டுக் குடித்தனம் :-)