பத்துப் பேர்

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூதர் கோயிலுக்குப் போகிறவர்கள் தரையைத்தான் வியக்கிறார்கள்; சீனத்து நீலச் சித்திர ஓடுகள். என் மனம் போனதோ திரைக்குப் பின்னால், பேழைக்குள் இருக்கும் தோராவிடம்.

மோசேயின் ஐந்து நூல்கள். தோல் சுருளில் கையால் எழுதியவை. ஓர் எழுத்துச் சிதைந்தாலும், திருத்தும்வரை சபையில் வாசிக்கக் கூடாது. விரல் படாமல் கோலால் வரி காட்டி வாசிப்பார்கள். ஆண்டு முழுதும் வாசித்து, முடிக்கிற திருநாளிலேயே மறுபடி முதல் வரியைத் தொடங்குவார்கள். அன்று சுருள்களை ஏந்திக்கொண்டு பாடி வலம் வருவார்கள். எங்கள் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் புறப்பாட்டில் பிரபந்த கோஷ்டி முன்னே போகும், வேதம் பின்னே வரும். அங்கே வேதமே புறப்பாடு!

ஆனால் சபையில் அதை வாசிக்க ஆண்கள் பத்துப் பேராவது கூட வேண்டும். 1948-ல் இஸ்ரேல் பிறந்தது. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் மெள்ள மெள்ளப் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரியில் பத்து சேரவில்லை. வெளியூர் யூதர் யாராவது வந்து கணக்கு நிறைந்தால்தான் வாசிப்பு என்றாயிற்று.

பக்தியைத் தனியாள் விஷயமாகவே நாம் பேசுகிறோம். வழிகாட்டும் நூல் மட்டும் போதாது, உடன் நடக்க ஒன்பது பேர் வேண்டும் என்கிறது அந்த விதி. இப்போதெல்லாம் எங்கள் ஊர்க் கோஷ்டியைக் கண்டால், நான் தலைகளை எண்ணிப் பார்க்கிறேன்.