நான் குறைத்துச் சொன்ன ஒரு சொல்



இதை மறையுரையாக அல்லாமல் ஒரு பாவசங்கீர்த்தனமாக வாசியுங்கள். நம்மவர் பலர் தம் வீட்டாருக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு காரியம் இது. சம்பந்தப்பட்ட சகோதரியின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

பத்து ஆண்டுகளுக்கு முன்னர், உடல் எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சை தொடர்பாக அவர் வைத்தியரைச் சந்தித்தபோது, மொழிபெயர்ப்பதற்காக நானும் உடன் சென்றேன். அப்போது அவருக்கு வயது 44, எடை 118 கிலோ. சலரோகமும் உயர் குருதியழுத்தமும் இருந்தன. விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் தொழிலுக்கு முழங்கால்கள் இடங்கொடுக்கவில்லை.

வைத்தியர் தாளில் படம் வரைந்து விளக்கினார். இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதனோடு சிறுகுடலை இணைப்பார்கள். உண்ணும் உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமற் கடந்துவிடும். உணவின் அளவு குறையும். பசியை ஆளும் சுரப்புகளும் மாறும். ஆனால் இரும்பு, சுண்ணாம்பு, உயிர்ச்சத்துகள் ஆகியவையும் உடலிற் குறைவாகவே சேரும். ஆகவே குளிசைகளும் குருதிப் பரிசோதனையும் உயிருள்ளவரை தேவை என்று அவர் அழுத்திச் சொன்னார்.

சகோதரியின் முகம் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த நான், "பயப்படாதையுங்கோ பிள்ளை, கொஞ்சக் காலம் குளிசை எடுக்கவேணும், அவ்வளவுதான்" என்றேன். இரக்கம் என்று எண்ணித்தான் அப்படிச் சொன்னேன்.

சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. இரண்டு ஆண்டுகளில் நாற்பது கிலோ குறைந்தது. இன்சுலின் நின்றது. திருப்பலியில் முழந்தாளிட முடிந்ததென்று அவர் அழுதது இன்றும் நினைவில் நிற்கிறது. மூன்றாம் ஆண்டில் குளிசைகளை நிறுத்திவிட்டார். சுகமாகிவிட்டது, கொஞ்சக் காலமும் முடிந்தது என்று எண்ணினார். இந்த நாட்டில் அக்குளிசைகளுட் பலவற்றுக்குக் காப்புறுதி பணம் தருவதில்லை என்பதும் ஒரு காரணம்.

பி12 உயிர்ச்சத்தை நமது கல்லீரல் ஆண்டுக்கணக்கிற் சேமித்து வைத்திருக்கும். அதனால் குறைபாடு உடனே தெரிவதில்லை. சேமிப்புத் தீர்ந்தபின்னரே நரம்புகள் தாக்கப்படும். சென்ற ஆண்டு லாசப்பல் கடைத்தெருவில் அவரைக் கண்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "பஞ்சுக்கு மேலை நடக்கிற மாதிரிக் கிடக்குது சுவாமி" என்றார். பல மாதங்களாக அப்படியே இருந்திருக்கிறது. பரிசோதனையில் பி12, இரும்பு இரண்டுமே மிகக் குறைந்திருந்தன. ஊசி மருந்தால் உடல் தெம்பு திரும்பியது. பாதங்களின் விறைப்பு முழுமையாக நீங்கவில்லை. நீங்குமென்று வைத்தியரும் வாக்களிக்கவில்லை.

"அண்டைக்கே சாகுமட்டும் போடவேணும் எண்டு சொல்லியிருந்தால் போட்டிருப்பன் சுவாமி" என்றார். அவருடைய குரலிற் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இதை வாசித்து அந்தச் சிகிச்சையே வேண்டாம் என்று எவரும் முடிவெடுத்துவிடாதீர்கள். சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வு ஒன்றின் முடிவு 2020இல் வெளியானது. சத்திரசிகிச்சை பெற்றோர், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரைவிடச் சுமார் 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். ஆயினும் பொதுமக்களைவிட அவர்களது ஆயுள் 5 ஆண்டுகளுக்கு மேல் குறைவாகவே இருந்தது. அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்றோரிடையே மொத்த இறப்பு 40 விழுக்காடும், நீரிழிவால் நேரும் இறப்பு 92 விழுக்காடும் குறைந்திருந்தன. அதே ஆய்வில் விபத்து, தற்கொலை போன்றவற்றால் நேர்ந்த இறப்புகள் 58 விழுக்காடு கூடியிருந்தன.

இந்தக் கடைசி எண் ஒரு மேய்ப்பனாக என்னை உறங்கவிடாத எண். இந்த இணைப்புச் சிகிச்சைக்குப் பின் மதுபானம் விரைவாகக் குருதியிற் கலக்கிறது. முன்பு உணவிலே ஆறுதல் தேடியவர் சிலர் குடியிலே தேடத் தொடங்குகின்றனர். சிலருக்கு எடை மீளவும் ஏறுகிறது; சலரோகம் திரும்புகிறது. வெட்கத்தினால் அவர்கள் வைத்தியரிடமும் போவதில்லை, கோவிலுக்கும் வருவதில்லை.

அந்த வெட்கத்தில் நமக்கும் பங்குண்டு. பெருந்தீனியைத் தலையான பாவங்களுள் ஒன்றாகப் போதித்தபோது, பருத்த உடலெல்லாம் பாவத்தின் அடையாளம் என்பதுபோல் நானே பேசியிருக்கிறேன். இரவு முழுதும் உணவகக் குசினியில் நின்று, நேரந்தப்பி உண்டு, நாட்டில் விட்டுவந்தவர்களை எண்ணி உறக்கமின்றி வாழ்ந்தவர்களின் உடலை அப்படி நியாயந்தீர்க்க எனக்கு உரிமை இல்லை. நம் இனத்தவருக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது என்பதும் மருத்துவர் அறிந்த உண்மை. கொண்டாட்ட வீடுகளில் ஒருவர் போதும் என்றால் விட்டுவிடுங்கள். "வருத்தமோ, ஏன் இப்படி மெலிஞ்சு போனீங்கள்?" என்று சபை நடுவே கேட்காதீர்கள்.

சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஆண்டுகள் எத்தனை கடந்திருந்தாலும் குடும்ப வைத்தியரிடம் சென்று, "எனக்கு இந்தச் சத்திரசிகிச்சை நடந்தது, குருதியைச் சோதியுங்கள்" என்று கேளுங்கள். கால் விறைப்பு, தலைச்சுற்று, ஓயாத வாந்தி, தீராத களைப்பு ஆகியவற்றை வயதின்மேற் போடாதீர்கள். குளிசை வாங்கப் பணம் போதாவிட்டால் நிறுத்துமுன் வைத்தியரிடமும் என்னிடமும் சொல்லுங்கள். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் சிகிச்சைக்குப் பின் குறைந்தது ஓராண்டாவது பொறுத்து, வைத்தியரின் ஆலோசனையோடு முடிவெடுங்கள்.

இனிச் செய்ய எண்ணியிருப்போர், மொழி தெரிந்த ஒருவரோடு செல்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளை அந்தப் பாரத்தைச் சுமக்க வைக்காதீர்கள். யாரும் கிடைக்காவிட்டால் பொண்டியில் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நான் வருவேன். வைத்தியர் சொல்வதை, கசப்பானாலும், ஒரு சொல்லும் குறையாமற் சொல்வேன்.

கோவிலைக் கட்டி முடித்தபின்னும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறோம். நம் உடலுக்கும் அந்தக் கவனிப்பு வேண்டும்.

அந்தச் சகோதரிக்காக ஒரு செபம் சொல்லுங்கள், எனக்காகவும்.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை