திரும்பி வராத பிஸ்டன்

ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் அடியேன் வாங்கிய மார்க் 82. பாஸ்கல் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தெம்பில்தான் தம்பியின் சைக்கிள் பிரேக்கில் கை வைத்தேன்.

தம்பி பிளஸ் டூ படிக்கிறான். இரண்டு வருஷம் விடியற்காலையில் வீடு வீடாகப் பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய மவுண்டன் பைக். இரண்டு சக்கரத்திலும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். ஒரு நாள், "அண்ணா, லிவரை விட்டாலும் முன் பிரேக் பிடிச்சுக்கிட்டே நிக்குது" என்றான். அம்மா அடுப்படியிலிருந்தே, "அதான் மெக்கானிக்கல் படிக்கிறவன் வீட்டுலயே இருக்கானே!" என்று ஏற்றிவிட்டாள்.

ஆயில் குறைந்திருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். அப்பாவின் பைக்குக்கு வாங்கிய டாட் 3 பிரேக் ஆயில் வீட்டில் இருந்தது. சைக்கிள் லிவரின் மூடியில் 'மினரல் ஆயில் மட்டும்' என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஊற்றினேன். எல்லாம் ஆயில்தானே! பேடை ஸ்குரூ டிரைவரால் நெம்பி விலக்கினேன், சக்கரம் சுற்றியது. அம்மாவிடம் ஒரு காபி வேறு கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மூன்று வாரம் கழித்துத் தம்பி நண்பர்களோடு ஏற்காடு போனான். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது முன் பிரேக் பிடித்தது விடவே இல்லை. டிஸ்க் சூடேற ஏற இன்னும் இறுகி, ஒரு வளைவில் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. பையன் ஹேண்டில்பாரைத் தாண்டி ரோட்டோரம் போய் விழுந்தான். நல்லவேளை, பின்னால் பஸ் எதுவும் வரவில்லை.

முழங்கையில் ஆறு தையலோடு வந்தவன், "உன் ரிப்பேர் நல்லாத்தாண்ணா இருந்துச்சு. நான்தான் ரொம்ப அழுத்திட்டேன் போல" என்றான். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சைக்கிள் கடை அண்ணன் காலிப்பரைக் கழற்றினார். ரப்பர் சீல் ஊறி உப்பிப் போயிருந்தது. "எந்த ஆயிலுப்பா ஊத்தினே?" தம்பி பக்கத்திலேயே நிற்கிறான். பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன். தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வரும்வரை பேசவில்லை.

அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது: காலிப்பர் பிஸ்டனைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், பிஸ்டன் நகரும்போது கூடவே வளைகிறது. அழுத்தம் போனதும் நிமிர்ந்து, பிஸ்டனைத் துளி தூரம் பின்னுக்கு இழுக்கிறது. அங்கே அழுக்குச் சேர்ந்தால் திரும்பாது. முதலில் நடந்தது அதுதான். மினரல் ஆயிலுக்கான ரப்பரில் டாட் ஆயில் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். அது என் கைங்கர்யம். முன் பிரேக் முழு செட்டையே மாற்றினோம். என் பஸ் பாஸ் பணமும் அதில் போயிற்று.

பின் பிரேக்கிலும் லேசான இழுவை இருந்தது. அதை அண்ணனின் கண் முன்னாலேயே நான் செய்தேன். சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றி, லிவரை மெதுவாக அழுத்தினேன். ஒரு பிஸ்டன் வந்தது, மற்றது அசையவில்லை. ("ரொம்ப அழுத்தாதே, வெளியே துப்பிடும்!") வந்ததைப் பிளாஸ்டிக் டயர் லிவரால் பிடித்துக்கொண்டு அழுத்தினால், முரண்டு பிடித்ததும் மூன்று மில்லிமீட்டர் எட்டிப் பார்த்தது. சுற்றிலும் பழுப்பாய்க் கசடு. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்து, விளிம்பில் ஒரு சொட்டு மினரல் ஆயில் தடவி, டயர் லிவராலேயே நேராக உள்ளே தள்ளினேன். ஸ்குரூ டிரைவர் கூடாது, செராமிக் பிஸ்டன் உடைந்துவிடும். வெளியே, உள்ளே என்று ஏழெட்டுத் தடவை. கடைசியில் இரண்டும் ஜோடியாக வந்து ஜோடியாகப் போயின. பேடிலும் டிஸ்க்கிலும் ஒரு துளி எண்ணெய் படாமல் துடைத்து மாட்டினேன். காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்தபடி இறுக்கியதும் டிஸ்க் நடுவில் உட்கார்ந்தது.

தம்பி சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டான். உரசல் இல்லை. அப்புறம் என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, லேபிளை முன்னும் பின்னும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

இன்றைக்கும் செயினுக்கு எண்ணெய் விடப் போனால்கூட, "எங்கே, பாட்டிலைக் காட்டு" என்கிறான். காட்டுகிறேன்.